அந்தப் பாட்டில் தண்ணீரில் ஒன்றுமில்லை

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் குடிவைக்கும் விஷயத்தில் எனக்கும் என் கணவருக்கும் ஒரு வீம்பு உண்டு. வருகிறவர்களிடம் சாதி கேட்க மாட்டோம், சாமி கேட்க மாட்டோம், கறி மீன் சமைப்பீர்களா என்றும் கேட்க மாட்டோம். அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த புதிதில், வீட்டில் சாமி படம் மாட்டமாட்டோம் என்று உள்ளதைச் சொல்லித் தொலைத்ததற்காக எங்களுக்குக் கதவைச் சாத்தியவர்கள் அதிகம். "வெளக்கேத்தாத குடும்பத்துக்கு வீடு குடுக்கறதில்லீங்க" என்று ஓர் அம்மா முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு பாகலூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நாங்களே வீடு கட்டியபோது, அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் கட்டினோம்.

அதனால் அந்தப் பெண் ஒரு லேப்டாப் பையும் இரண்டு பெட்டியுமாக வந்து நின்றபோது நான் எதுவும் கேட்கவில்லை. மதுரைப் பெண். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே. தனியாக இருக்கிறாள், ராத்திரி போனில் பேசுகிறாள் என்று ஏற்கெனவே இரண்டு வீட்டில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். "கண்டிஷன் ஏதும் இருக்காக்கா?" என்று பயந்துகொண்டே கேட்டாள். "மோட்டாரை மறக்காம ஆஃப் பண்ணணும், அவ்வளவுதான்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுவும் போச்சுன்னா ஏதாவது பிஜி ஹாஸ்டல்லதான் நாலு பேரோட படுக்கணும்" என்றாள்.

ஒரு மாதம் போயிருக்கும். மேலே குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கப் போனேன். ஜன்னலோரம் ஒரு பலகை. அதன்மேல் கறுப்பு மெழுகுவர்த்தி, ஊதா நிறக் கல், கிண்ணத்தில் கல் உப்பு, ஒரு காக்கை இறகு, படம் போட்ட சீட்டுக்கட்டு, நூல் சுற்றிய காய்ந்த இலைக்கட்டு. பூஜை அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், இது அது இல்லை.

"இது என்னம்மா?"

"என்னோட ஆல்ட்டர்க்கா, பூஜை மேடை மாதிரி." சிரித்தாள். "நான் விட்ச்."

அக்கவுண்டன்ட் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அதற்குத் தமிழில் என்னவென்று தெரியுமா என்று கேட்டேன்.

"சூனியக்காரி. நல்லாத்தானே இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ஜவளகிரிக்கு அப்பால் காட்டோரத்தில் ஓர் ஊர். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பகுத்தறிவு இயக்கத் தோழர்களோடு அங்கே போயிருந்தேன். தனியாக இருந்த ஒரு பெண்மணி ஏவல் செய்கிறாள், அதனால்தான் மாடுகள் சாகின்றன என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. குழாயடியில் அவளைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை. முச்சந்தியில் யாரோ போட்டிருந்த ஊசி குத்திய எலுமிச்சம்பழங்களை நாங்கள் பொறுக்கி எடுத்தோம். ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கழுவி, ஊர் பார்க்கப் பிழிந்து, உப்புப் போட்டுக் குடித்தோம். எப்போது விழுவோம் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் விழவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண்மணி குழாயடிக்குப் போக முடிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே எனக்குப் பெருமையானது அதுதான். ஒருத்தி மேலிருந்து நாங்கள் பாடுபட்டு அழித்த பெயரை, இவள் ஆசையாக எடுத்துப் பூசிக்கொள்கிறாள். எனக்குக் கோபம் வந்தது.

கோபம் வந்ததே தவிர, வாதம் வரவில்லை. அதுதான் என்னைப் படுத்தியது. நான் கற்ற வாதங்கள் எல்லாம் கோயிலுக்கு அளவெடுத்துத் தைத்தவை, இவளுக்குப் பொருந்தவில்லை. இவளுக்குக் கடவுள் இல்லை, பூசாரி இல்லை, உண்டியல் இல்லை, யாரும் எட்டி நிற்க வேண்டியதில்லை. மாதவிலக்கு தீட்டா என்று கேட்டேன். "அன்னைக்குத்தான்க்கா பவர் ஜாஸ்தி" என்றாள். இதைக் கேட்டால் எங்கள் மேடையில் கைதட்டுவார்கள். சரி, நம் ஆள்தான் என்று நினைக்கும்போதே, ஏதோ கிரகம் பின்னோக்கிப் போகிறது, அதனால் இந்த வாரம் புது போன் வாங்கமாட்டேன் என்பாள்.

"அது ராகு காலம்தாம்மா. இங்கிலீஷ்ல சொல்ற" என்றேன்.

"இருக்கலாம்க்கா" என்று சிரித்தாள்.

கோபப்படாதவளோடு எப்படிச் சண்டை போடுவது? நான் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஒரு பீஸ் கெட்டுப்போனால் ஏன், அதற்கு ஏன், அந்த ஏனுக்கு ஏன் என்று அடிவரை தோண்டுவதுதான் என் பிழைப்பு. ஷிப்ட் முடிந்து வந்தால் கால் தானாக மாடிக்குப் போகும். தொட்டி நிரம்பியதா, கொசுவலை வேண்டுமா என்று ஏதாவது சாக்கு. பிறகு ஏன், ஏன், ஏன். "வாடகைக்கு விட்டியா, விவாதத்துக்கு விட்டியா?" என்று என் கணவர் கேட்பார்.

ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். "நீ நெசமாவே இதெல்லாம் நம்புறியா?"

கொஞ்சம் யோசித்தாள். "நம்புறேனான்னு தெரியலக்கா. செஞ்சா மனசு அடங்குது. நீங்க தலைவர் பிறந்தநாளுக்குச் சிலைக்கு மாலை போடுறீங்கல்ல? சிலை பாக்குதுன்னு நெனச்சா போடுறீங்க?"

மோட்டாரைப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் வரை அவளோடு பேசவில்லை. ரோஷம்தான், வேறொன்றுமில்லை.

தோழர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு பதில். ஒருவர், காசு மிஞ்சியவர்களின் பொழுதுபோக்கு, விட்டுத் தள்ளுங்கள் என்றார். இன்னொரு தோழர், பெண்தான் அவரும், "யாரையும் கீழ்ப்படுத்தலையே, அவ பாட்டுக்கு இருக்கட்டும். யோகா பண்றவங்ககிட்டப் போய் இப்பிடி மல்லுக்கு நிப்பீங்களா?" என்றார். மூத்தவர் ஒருவர் மட்டும் டம்ளரை டங்கென்று வைத்தார். முன்வாசல் வழியாக நாம் துரத்தியது பின்வாசல் வழியாகச் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது என்றார். மூன்று பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. நிம்மதிதான் வரவில்லை.

பிரச்சினை எதிர்வீட்டிலிருந்து வந்தது. அவர்கள் உத்தனப்பள்ளிப் பக்கம் நிலம் உள்ளவர்கள், மகனின் கம்பெனி வேலைக்காக இங்கே வீடு கட்டி வந்தவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களோடு தமிழ். நல்ல மனிதர்கள்தாம். மருமகளுக்குக் கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்குச் சில வாரங்களாக இழுப்பு, ராத்திரியெல்லாம் அழுகை. தெருமுனையில் கிரைண்டிங் பட்டறை ஒன்று வந்திருக்கிறது. அந்தத் தூசிதான் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர்கள் கண்ணில் பட்டது வேறு. எங்கள் மாடிப்படியில் கோடாகப் போட்ட உப்பு. பௌர்ணமியன்று, அவர்கள் வீட்டைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் இவள் வைத்த கண்ணாடிப் பாட்டில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டைத் தட்டினார்கள். திறந்தால் எதிர்வீட்டு அம்மா, மகன், பின்னால் தெருவில் பாதி. எல்லார் பார்வையும் மாடியில் இருந்தது.

"ஏம்மா, நீங்க படிச்சவங்க. மேல இருக்கற பொண்ணு என்னா பண்ணுதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் அந்த அம்மா. "உப்பு போடுது, கருப்பு மெழுகுவர்த்தி கொளுத்துது. எங்க வாசலப் பாத்து பாட்டல் வெச்சிருக்குது. புள்ள மூச்சு வுட முடியாம கெடக்குது. இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுங்க. இல்லாட்டி நாங்க ஏறிப் போயி எடுத்து வீசறோம்."

"குழந்தைய டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா. அது வெறும் தண்ணி" என்றேன்.

"வெறும் தண்ணிக்கு எதுக்கும்மா பௌர்ணமி?"

எனக்கு நியாயமான கேள்வியாகத்தான் பட்டது, அது வேறு எரிச்சல். மகன் படியில் கால் வைத்தான். மேலே அந்தப் பெண் கதவருகே நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. மூன்றாவது வீடும் போகப்போகிறது என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்குள் ஜவளகிரி எழுந்து நின்றது. "நில்லுங்க" என்று ஒரு சத்தம் போட்டேன். மகனைத் தாண்டி மடமடவென்று ஏறிப்போய்ச் சுவரிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

"இதானே? இதுல சூனியம் இருந்தா மொதல்ல எனக்கு வரட்டும்" என்று மூடியைத் திருகினேன்.

"அக்கா! குடிக்காதீங்க! அக்கா!" என்று மேலிருந்து அவள் கத்தினாள்.

கேட்டது, நன்றாகவே கேட்டது. பௌர்ணமி வெளிச்சம் பட வைத்து எடுக்கிற அவளுடைய நிலாத் தண்ணீர், புனிதம் கெட்டுவிடும் என்று பதறுகிறாள் என்று நினைத்தேன். இவளுக்கும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பாடம் என்றுகூட நினைத்தேன். அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்துவிட்டு, வெற்றுப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். கொஞ்சம் கசந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதிதான் எனக்குத் தெரியும். அவள் படியில் விழுந்தடித்து இறங்கி வந்து என் கையைப் பிடித்து வாந்தி எடுக்கச் சொன்னாள். நான் உதறிவிட்டேன். ஏதோ ஒரு பூவின் பெயரை அவள் சொன்னாள், அவள் பேச ஆரம்பித்ததுமே நான் கையை உயர்த்தி நிறுத்திவிட்டேன். தெருவுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றிக்கொண்டிருந்தேன். பேசப் பேச நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வெயில் கண்ணைக் குத்தியது. எதிரே இருந்த முகங்கள் கலங்கின. அதோடு சரி.

மீதி என் கணவர் சொன்னது. நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, கையில் இல்லாத பீஸை இல்லாத வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்து அளந்து, "ரிஜெக்ட், ரிஜெக்ட்" என்று பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேனாம். பிறகு செத்துப்போன என் அப்பாவோடு பேசினேனாம். "பேய் ஏறிடுச்சு, ஏறிடுச்சு" என்று தெருவே அலறியிருக்கிறது. ஒருவர் வேப்பிலை ஒடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். பேய் பிடிப்பது என்று ஒன்றில்லை என்று எத்தனை மேடையில் பேசியவள் நான். யாரோ எடுத்த வீடியோ எனக்கே வாட்ஸ்அப்பில் வந்தது. ஒருமுறை பார்த்தேன். பேய் பிடித்தவளைப் போலத்தான் இருந்தேன். அவமானத்தில் உடம்பு கூசியது.

அந்தக் கூச்சலில் ஒருத்தி மட்டும் தெளிவாக இருந்திருக்கிறாள். "ஊமத்தை சார், ஊமத்தம்பூ. இலையும் போட்டிருந்தேன். ஆட்டோவக் கூப்பிடுங்க" என்று என் கணவரை உலுக்கியிருக்கிறாள். அந்தச் சத்தத்தில் அவரைத் தவிர வேறு யார் காதிலும் அது விழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அவள்தான் டாக்டரிடம் எவ்வளவு பூ, எவ்வளவு தண்ணீர் என்று சொல்லியிருக்கிறாள். உடனே தெரிந்ததால்தான் சிக்கலில்லாமல் பிழைத்தீர்கள் என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார்.

வாசலைக் காக்கும் பூ என்று எங்கோ படித்திருக்கிறாள். பக்கத்துக் காலிமனையில் மண்டிக் கிடந்த ஊமத்தையைப் பறித்து ஊறவைத்து, வடிகட்டி, படியில் தெளிக்க வைத்திருந்தாள். எதிலிருந்து காக்க என்று கேட்டால், காலி பண்ணச் சொல்கிறவர்களிடமிருந்து. விஷம் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கத்தினாள்.

எனக்குத் தெளிந்த மறுநாள், எதிர்வீட்டு அம்மாவும் மகனும் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார்கள். கண் இன்னும் சரியாகவில்லை, முகமெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் அந்தப் பெண் நின்றிருந்தாள். அவர்கள் அவளைப் பார்க்கவே பயந்தார்கள்.

"பேயுமில்ல, ஏவலுமில்லம்மா. ஊமத்தம்பூ வெசம். டாக்டரே சொல்லிட்டாரு" என்று என் கணவர் ஆரம்பித்தார். பாவம், இரண்டு நாளாக அதைச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு அம்மா மகனைப் பார்த்தார். "ஊமத்தையா? வெசத்த எதுக்குங்க அந்தப் பொண்ணு பாட்டல்ல போட்டு எங்க வாசலப் பாத்து வெக்கணும்?"

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நான் ஜெயிப்பேன். ஏன், அதற்கு ஏன் என்று அடிவரை போகும் சுத்தமான உண்மை. அது என் மானத்தைக் காப்பாற்றும், அவளை வீட்டைவிட்டு விரட்டும். சூனியக்காரி என்றால்கூடப் பயந்து ஒதுங்கிப் போவார்கள். விஷம் வைத்தவள் என்றால் போலீஸ்தான்.

"அவ வெக்கலம்மா, நான்தான் வெச்சேன்" என்றேன். "மூட்டுவலிக்குத் தேய்க்க ஊறப்போட்டது. அவளோட பாட்டில் பக்கத்துல வெச்சிருந்தேன். கோவத்துல மாத்தி எடுத்துட்டேன்."

என் கணவர் வாயைத் திறந்து மூடினார். அவர் பார்க்க நான் இப்படிப் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

எதிர்வீட்டு அம்மா நெஞ்சில் கை வைத்தார். "அதானே! உங்களுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாதும்மா. தெருவுக்கே தெரியுமே." உடனே நம்பிவிட்டார். மூட்டுவலிக்கு அதைவிட நல்ல தைலம் ராயக்கோட்டையில் கிடைக்கும் என்றார். குழந்தையை நாளைக்கே இங்கே கொண்டுவந்து காட்டுகிறோம் என்றும் சொன்னார். போகும்போது அந்தப் பெண்ணிடம், "மனசுல வெச்சுக்காதம்மா" என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனார். இழுப்புக்கு மருந்து கொடுத்தார்கள், கொஞ்ச நாளில் குழந்தை தூங்க ஆரம்பித்தது. நான் பிழிந்த எலுமிச்சம்பழத்தைவிட இந்தப் பொய் நன்றாக வேலை செய்தது. நாட்டு வைத்தியத்தில் விழுந்த பகுத்தறிவுவாதி என்று தோழர்கள் இன்றுவரை என்னை ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும், வீடு அவளுக்கு நிலைத்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்த சில நாள் கழித்து, சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். அவள் அறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னலோரப் பலகை காலியாக இருந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா?"

"பொம்மசந்திரால ஒரு பிஜிக்கா."

"யாரும் ஒண்ணும் சொல்லலையே இப்ப? எல்லாம் சரியாயிருச்சே!"

"தெரியும்க்கா. எனக்காகப் பொய் சொன்னீங்க, அதை மறக்கமாட்டேன்." துணியை மடித்துக்கொண்டே பேசினாள். "நான் கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்டது என்றேன். நீ புனிதம் கெடும்னு கத்துறதா நினைச்சேன் என்றும் சொன்னேன். பொய் சொல்ல அப்போது வரவில்லை.

அவள் தலையாட்டினாள். ஏற்கெனவே தெரிந்ததுபோல. "மாசக்கணக்கா தினம் மேல வந்து பேசுனீங்க. நான் ஒண்ணும் தெரியாதவ இல்லன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு ஒருத்தி குடிக்காதீங்கன்னு கத்துறப்ப, உங்க காதுல சூனியக்காரி கத்துனதுதான் விழுந்துச்சு. அவங்களுக்கும் அன்னைக்கு நான் சூனியக்காரிதான், உங்களுக்கும் அதேதான். அவங்க பயந்தாங்க, நீங்க பயப்படல. அவ்வளவுதான்க்கா."

"அப்பிடி இல்லம்மா" என்றேன். ஏன் என்று கேட்டுக் கேட்டு ஆளைக் களைத்துப்போகச் செய்கிற நான், பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, கொடியிலிருந்து எடுத்த துணியைப் பிசைந்துகொண்டிருந்தேன். போகாதே என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. எந்த முகத்தோடு சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மினி வேன் வந்தது. எதிர்வீட்டு அம்மா தானாகவே வந்து, அவளோடு சேர்ந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துப் படியிறக்கினார். வழியில் சாப்பிட என்று ஒரு டப்பாவில் ஏதோ கட்டிக் கொடுத்தார். வேன் திரும்பி மெயின் ரோட்டுக்குப் போகும்வரை கேட்டருகே என்னோடு நின்றார்.

"நல்ல பொண்ணும்மா. நாங்கதான் ஒண்ணும் சொல்லலியே. அப்புறம் யாரு அதைப் போவச் சொன்னாங்க?"

"நான்தாம்மா" என்றேன்.